மரமாக நிற்பேன்

சேர்மன் என்று கூப்பிட்டால்தான் அவன் திரும்பிப் பார்ப்பான். பெற்றோர் வைத்த பெயர் சான்றிதழ்களில் பத்திரமாக இருந்தது. வெளியே அதற்கு வேலை இல்லை. சேர்மன் என்றதும் ஏதோ பெரிய சங்கத்துக்குத் தலைவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஜெராக்ஸ் கடையின் மாடியில், கெட்டுப்போன பழைய மெஷின் ஒன்றின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அடுத்த ஆள் வரலாம்" என்று குரல் கொடுத்துக் கொடுத்தே வந்த பதவி அது.

கடை பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்தது. திங்கள் முதல் சனி வரை அவன் கீழே நகல் எடுப்பான், பயோடேட்டா அடித்துக் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை மாடி அவன் ராஜ்யம். காகிதக் கட்டுகள் அடுக்கிய சரக்கறை அது. இரண்டு கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நாற்காலி. செத்துப்போன மெஷின்தான் மேஜை. கதவுக்கு வெளியே படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று, ஒவ்வொருவராகக் கதவைத் தட்டி, "உள்ளே வரலாமா சார்?" என்று கேட்பார்கள். சரியாகக் கேட்கும்வரை திருப்பி அனுப்புவான்.

"இது என்ன தட்டு? கதவை உடைக்க வந்தியா, வேலை கேக்க வந்தியா?"

"சாரி சேர்மன்."

"உள்ள நான் சேர்மன் இல்லடா, சார். போய் மறுபடி தட்டு."

இப்படி இரண்டு வருடம். அவன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். பட்டம் வாங்கியபின் ஒன்பது நேர்காணலுக்குப் போய், ஒன்பதிலும் 'சொல்லி அனுப்புகிறோம்' என்ற பதிலை வாங்கியதிலும் அவன்தான் முதல். ஒவ்வொரு முறையும் வெளியே வந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து, கேட்ட கேள்விகளை மறப்பதற்குள் நோட்டில் எழுதிவிடுவான். நாற்பத்து மூன்று கேள்விகள் சேர்ந்தன. ஆறாவது நேர்காணலில் "உங்க பலவீனம் என்ன?" என்று கேட்டபோது, எதிரில் இருந்தவரே பயந்துபோய் "தண்ணி வேணுமா தம்பி?" என்று கேட்கும் அளவுக்கு அவன் வாயடைத்து உட்கார்ந்திருந்தான். அந்த அவமானத்தில் பிறந்ததுதான் அந்தப் பதில்:

"எடுத்த வேலையை முடிக்காமல் எனக்கு ஓய்வு வராது. அதுதான் என் பலவீனம். அதையே பலமாக மாற்றி வருகிறேன்." பிறகு மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ண வேண்டும். பிறகு சின்னதாகச் சிரிக்க வேண்டும்.

ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்ற கேள்விக்கு அவன் எழுதிய பதில் இன்னும் ஒரு படி மேலே போயிற்று: "இன்று ஒரு விதையாக உள்ளே வருகிறேன். ஐந்து ஆண்டுகளில் இந்த நிறுவனத்தில் ஒரு மரமாக நிற்பேன்."

எழுதி முடித்த அன்று அதைத் தனக்குத்தானே பதினைந்து தடவை சொல்லிப் பார்த்துப் புல்லரித்துப் போனான். புல்லரிப்பு வீண்போகவில்லை. மரம் சொல்லி ஒருவன் மருந்துக் கம்பெனியில் சேர்ந்தான். மரம் சொல்லி ஒருத்தி காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்தாள். சேர்மனுக்கு மட்டும் அதன்பிறகு எட்டு மாதமாக ஒரு அழைப்பும் வரவில்லை. கையில் பதில் இருந்தது, கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

அவனுக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. பயோடேட்டாவில் பட்டத்துக்குக் கீழே எதுவும் வரக் கூடாது. "கஷ்டப்பட்டு டிகிரி படிச்சது எதுக்கு? தையல் தெரியும், வண்டி ஓட்டத் தெரியும்னு எழுதினா, அவங்க நம்மளை அங்கயே நிறுத்திருவாங்க." அவனுடைய பயோடேட்டாவிலும் ஜெராக்ஸ் கடை இல்லை. அந்த இரண்டு வருடத்துக்கு 'போட்டித் தேர்வுகளுக்குத் தயாரித்தல்' என்று இருந்தது. அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'தனியார்' என்று இருந்தது. அப்பா மூட்டை தூக்குகிறவர்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது. ஊருக்கு வெளியே இருந்த பெரிய சரக்குக் கிடங்கு ஒன்றில் பயிற்சி மேற்பார்வையாளர்கள் நான்கு பேர் தேவை, வயது இருபத்தைந்துக்குள். நேர்காணலுக்கு அடுத்த வாரம் சேர்மனுக்கு இருபத்தைந்து முடிகிறது. பயிற்சி என்ற சொல் வருகிற எல்லா வேலைக்கும் அதே வரம்புதான். இந்தக் கதவு சாத்திக்கொண்டால் அப்படிப்பட்ட கதவே அப்புறம் கிடையாது.

கடிதம் அவனுக்கு மட்டும் வரவில்லை. மாடி அறையிலிருந்து மொத்தம் நான்கு பேருக்கு வந்தது. அவர்கள் குதித்த குதியில் மாடிப்படியே ஆடிப்போனது.

நேர்காணல் நாளன்று ஒரு மணி நேரம் முன்னாலேயே போக வேண்டும் என்பதும் சேர்மன் சட்டம். நான்கு பேரும் ஒரே பேருந்தில் போய் இறங்கினார்கள். மாப்பிள்ளை வந்தான், கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியும் புது மணம் போகாததால் அந்தப் பெயர். லாரி வந்தான்; அவன் அப்பா லாரி ஓட்டுகிறவர், அவனும் மெதுவாகப் பேசத் தெரியாதவன். தையற்காரர் மகள் வந்தாள். வகுப்பிலேயே ஒரு எழுத்து பிசகாமல் பதில் சொல்கிறவள் அவள்தான். வரவேற்பு மேஜையில் இருந்த பதிவேட்டில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஆறு, லாரிக்கு ஏழு, தையற்காரர் மகளுக்கு எட்டு. சேர்மன் பெருந்தன்மையாகக் கடைசியில் நின்று ஒன்பதை வாங்கிக்கொண்டான்.

உள்ளே நீளமான நடை. சுவரோரம் இரும்பு நாற்காலிகள். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியாகக் கீழே கிடங்கு தெரிந்தது. கூரைவரை அடுக்கிய பெட்டிகள், மூட்டைகள், நடுவில் பீப் பீப் என்று பின்னால் வரும் தூக்கு வண்டிகள். ஏசிக் குளிரில் பதின்மூன்று பேர் மடியில் கோப்புகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணா, என் கை பாருங்க, ஐஸ் மாதிரி இருக்கு" என்றாள் தையற்காரர் மகள்.

"கையைக் கேக்க மாட்டாங்க, பதிலைத்தான் கேப்பாங்க. பலவீனம் சொல்லு பாப்போம்."

தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். சொன்னாள். சிரிப்புவரை கச்சிதமாக இருந்தது.

"ஆறாம் நம்பர்!" என்று கதவைத் திறந்து கூப்பிட்டார் அங்கிருந்த அட்டெண்டர். மாப்பிள்ளை உள்ளே போனான். பத்து நிமிடத்தில் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தான்.

"சேர்மன்! பலவீனம் கேட்டாங்க! அப்படியே நோட்டுல இருந்த கேள்வி! மரம் சொன்னேன் பாரு, மேடம் பேனாவை எடுத்து எழுதிக்கிட்டாங்கப்பா!"

"எழுதினாங்களா?"

"கண்ணால பாத்தேன்."

சேர்மனுக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. அவன் எழுதிய வரியை அதிகாரி எழுதிக்கொள்கிறார்! அதற்குள் லாரி உள்ளே போயிருந்தான். சற்று நேரத்தில் அவன் குரல் கதவைத் தாண்டிக் கேட்டது: "...ஒரு மரமாக நிற்பேன்!" தொடர்ந்து உள்ளே குபீரென்று ஒரு சிரிப்பு. ஒருவர் இல்லை, எல்லாருமாகச் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு.

லாரி வெளியே வந்து விழித்தான். "சிரிச்சாங்க சேர்மன். சிரிச்சா நல்லதுதானே?"

பதில் சொல்வதற்குள் அட்டெண்டர் டீ டிரேயுடன் வெளியே வந்தார். டம்ளர்கள் ஆடின, மனிதர் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, யாரு அந்த மரம் நடுற கோஷ்டி? மேடம் உள்ள கேக்கறாங்க, இவங்க எல்லாம் ஒரே தோட்டத்துக் கன்னுங்களான்னு. பெரிய சார் சொல்றாரு, இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களாம், சாயங்காலத்துக்குள்ள இங்க காடே வந்துரும்னு!"

சேர்மனுக்கு ஒரே நொடியில் எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டது. மருந்துக் கம்பெனியில் அந்த மரத்தை ஒரே ஒரு முறை கேட்டார்கள். காப்பீட்டு அலுவலகத்திலும் ஒரே முறை. இங்கே நான்கு பேரும் வரிசையாக, அதே வார்த்தை, அதே இடைவெளி, அதே சிரிப்பு. பயோடேட்டாகூட ஒரே ஆள் அடித்தது. முதல் வரி நான்கிலும் ஒன்றுதான்.

"உள்ள டீ குடிக்கறாங்க. பத்து நிமிஷம் கழிச்சு எட்டாம் நம்பர்" என்று சொல்லிவிட்டு அட்டெண்டர் போனார்.

பத்து நிமிடம்! சேர்மன் தையற்காரர் மகளைக் கண்ணாடி ஓரம் இழுக்காத குறையாகக் கூட்டிப்போனான்.

"இங்க பாரு. மரம் வேணாம். பலவீனமும் வேணாம். ரெண்டையும் மறந்துரு."

"அண்ணா! அதைத் தவிர எனக்கு ஒண்ணுமே தெரியாதே! நாலு மாசமா அதைத்தானே சொல்லிக் குடுத்தீங்க!"

"சொல்லிக் குடுத்தவனே சொல்றேன், மறந்துரு. இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. யோசிக்காதே. இந்த மாசம் நீ பண்ணின பெரிய தப்பு என்ன?"

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "இங்கயா?"

"சீக்கிரம்!"

"கடைல... ஒரு ஸ்கூலுக்கு இருநூறு செட் யூனிபார்ம். நான்தான் கட்டு போட்டேன். எல்லாத்தையும் அளவுவாரியா கட்டிட்டேன். அவங்களுக்கு வகுப்புவாரியா வேணும். அங்க போய் எல்லாக் கட்டையும் பிரிச்சு, ஒரே குழப்பம். ஹெட்மிஸ்ட்ரஸ் கத்து கத்துன்னு கத்தினாங்க."

"அப்புறம்?"

"நானே போனேன். ரெண்டு மணி நேரம் தரையில உக்காந்து பிரிச்சுக் கட்டினேன். இப்பல்லாம் கட்டறதுக்கு முன்னாடி வாங்கறவங்க எப்படிப் பிரிப்பாங்கன்னு கேட்டுடறேன். ஒவ்வொரு கட்டுலயும் ரெண்டு சீட்டு, உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு."

சேர்மன் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தான். கட்டுகள், சீட்டுகள், அவற்றைப் பிரிக்கிறவர்கள். அவனுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. "இதைத்தான் சொல்லணும். அப்படியே, இப்ப சொன்ன மாதிரியே."

"தப்பு பண்ணினதையா? வேலை கேக்கப் போற இடத்துலயா? தையல் கடையையா? நீங்கதானே அண்ணா எழுதவே கூடாதுன்னீங்க!"

"நான் ஒரு மடையன். போ!"

"எட்டாம் நம்பர்!"

கதவு மூடியது. சேர்மன் திரும்பினான். மாப்பிள்ளையும் லாரியும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேசியது முழுக்க அவர்கள் காதில் விழுந்திருந்தது.

"அப்ப எங்க கதி?" என்றான் லாரி. மெதுவாகப் பேசினான், அதுதான் பயமாக இருந்தது. "அவளுக்கு மாத்திச் சொல்லிக் குடுத்துட்ட. உனக்கும் எதாவது மாத்திச் சொல்லிக்குவ. நாங்க ரெண்டு பேரும் உள்ள போய் கோமாளி வேஷம் போட்டுட்டு வந்ததுதான் மிச்சமா?"

"டேய்..."

"சேர்மன் சொன்னா சரியா இருக்கும்னு லைசென்ஸ் இருக்கறதைக்கூட எழுதல நான். பத்து சக்கர வண்டி ஓட்டுவேன் நான்!"

மாப்பிள்ளை போனை எடுத்துப் பார்த்தான். மனைவிக்கு 'மேடம் எழுதிக்கிட்டாங்க' என்று அனுப்பியிருந்த செய்தியை, அவள் பார்ப்பதற்குள் அழித்தான். சேர்மனுக்கு லாரியின் திட்டைவிட அதுதான் சுருக்கென்று தைத்தது.

கதவுக்குள்ளிருந்து இந்த முறை சிரிப்புச் சத்தம் வரவில்லை. பேச்சுச் சத்தம் வந்தது. மாறி மாறிக் கேட்கிற, மாறி மாறிப் பதில் சொல்கிற சத்தம். பத்து நிமிடம் போய், இருபது நிமிடம் ஆயிற்று. தையற்காரர் மகள் வெளியே வந்தபோது கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

"அண்ணா, ஹெட்மிஸ்ட்ரஸ் என்ன சொல்லித் திட்டினாங்கன்னுகூடக் கேட்டாங்க! அந்தப் பெரிய சார், எந்தப் பக்கம் சீட்டு ஒட்டுவீங்கன்னு பேப்பர்ல வரையச் சொன்னார்! நான்..."

"ஒன்பதாம் நம்பர்!"

சேர்மன் எழுந்தான். நாற்பத்து மூன்று கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் மூளையிலிருந்து மொத்தமாக வழிந்தோடிவிட்டிருந்தன. கதவை எத்தனை முறை தட்டினான் என்றே அவனுக்குத் தெரியாது.

"வாங்க, உக்காருங்க" என்றார் நடுவில் இருந்த மேடம். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார். வலப்பக்கம் பெரிய உடம்போடு கிடங்கு மேலாளர். இடப்பக்கம் இளைஞர் ஒருவர் நான்கு பயோடேட்டாக்களை வரிசையாகப் பரப்பி, முதல் வரிகளில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் அந்தத் தோட்டம்தானா?" என்றார் மேலாளர்.

"ஆமா சார்."

"நாலும் ஒரே மாதிரி இருக்கே. யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். மேடம் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "அப்படின்னா, உங்களதை அவங்க காப்பி அடிச்சிருக்காங்க. அப்படித்தானே?"

அங்கே ஒரு வழி திறந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அடுத்த வாரம் இருபத்தைந்து முடிகிறது என்பது அவன் மண்டைக்குள் மணி அடித்தது.

"இல்லீங்க மேடம். அவங்க காப்பி அடிக்கல. நான்தான் அவங்க வாயில திணிச்சேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இன்டர்வியூ மாதிரி வச்சுப் பழக்குவோம். என்ன கேப்பாங்கன்னு நாப்பத்து மூணு கேள்வி சேத்து வச்சிருக்கேன். ஆனா அவங்களைப் பத்தி அவங்ககிட்ட நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்ல. இன்னிக்குத்தான், வெளிய, பத்து நிமிஷத்துல, அந்தப் பொண்ணுகிட்ட முதல் தடவையா கேட்டேன்." மூச்சு வாங்கினான். "மேடம், ஒரு விஷயம் கேக்கலாமா? ஆறாம் நம்பரும் ஏழாம் நம்பரும் பேசினது அவங்க பேச்சு இல்ல, என் பேச்சு. அவங்களை இன்னொரு தடவை கூப்பிடுங்க. எனக்கு வச்சிருக்கற நேரத்துல பாதியை அவங்களுக்குக் குடுத்துருங்க."

"அப்ப உங்களுக்கு நேரம் வேணாமா?"

"ஐயோ, வேணும் மேடம்! ரொம்ப வேணும்! அடுத்த வாரம் எனக்கு இருபத்தஞ்சு முடியுது!"

மேலாளர் உடம்பு குலுங்கச் சிரித்தார். "மேடம், இவர்கிட்ட பலவீனம் என்னன்னு கேக்கற வேலை மிச்சம்." பிறகு சிரிப்பை நிறுத்தி முன்னால் சாய்ந்தார். "சரி, ரெண்டு வருஷமா போட்டித் தேர்வுக்குத் தயாரிச்சீங்களாக்கும்?"

"இல்ல சார். ஜெராக்ஸ் கடைல வேலை பாத்தேன்."

"அங்க என்ன பண்ணுவீங்க?"

"விண்ணப்பம் போடக் கடைசி நாள்னா ஒரே நாள்ல முந்நூறு பேர் வருவாங்க சார். ஒவ்வொருத்தருக்கும் பத்துப் பன்னெண்டு பக்கம். ரெண்டு வருஷத்துல ஒருத்தர் காகிதம் இன்னொருத்தருக்குப் போனதில்ல."

"எப்படி?"

"குறுக்கும் நெடுக்குமா அடுக்குவேன் சார். ஒருத்தரது நீளவாக்குல, அடுத்தவரது அகலவாக்குல. எவ்வளவு உயரமானாலும் சரியாது, பாத்த உடனே பிரிக்கலாம்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை பரபரத்தது. "காட்டலாமா சார்?"

மேலாளர் தலையசைத்ததுதான் தாமதம். சேர்மன் எழுந்து மேஜையில் இருந்த பதின்மூன்று பேருடைய கோப்புகளையும் வாரிக் கட கடவென்று குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினான். மேலாளர் விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினார். மேஜைதான் நகர்ந்தது.

"மூட்டை அடுக்கறவன் கட்டு இது. ஜெராக்ஸ் கடைல இதை யாரு சொல்லிக் குடுத்தது?"

சேர்மன் மேஜையைப் பார்த்தான். பயோடேட்டாவில் 'தனியார்' என்று இருந்த இடத்தை அந்த இளைஞரின் விரல் தொட்டுக்கொண்டிருந்தது.

"யாரும் சொல்லிக் குடுக்கல சார். பாத்தது. எங்கப்பா மூட்டை தூக்கறவர். அவர் அடுக்கின அடுக்கு சரிஞ்சு நான் பாத்ததில்ல."

சொன்ன பிறகுதான் கவனித்தான். பத்து நேர்காணலில் அப்பா என்ற சொல்லை அவன் உச்சரித்தது இதுதான் முதல் முறை. தலை குனியவில்லை. நெஞ்சு திம்மென்று நிமிர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு மேலாளர் கேட்டதெல்லாம் நோட்டில் இல்லாத கேள்விகள். ஈரம் பட்ட மூட்டையை எங்கே வைப்பீர்கள், பழைய சரக்கு அடியில் மாட்டினால் என்ன செய்வீர்கள். தெரிந்ததற்குத் தெரிந்ததைச் சொன்னான். தெரியாத இரண்டுக்குத் தெரியாது என்றான். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்ததை மட்டும் விழுங்கிவிட்டான்.

எழும்போது மேடம் சொன்னார்: "சாப்பாட்டுக்கு அப்புறம் அவங்க ரெண்டு பேரையும் இருக்கச் சொல்லுங்க. அஞ்சு அஞ்சு நிமிஷம்."

நடையில் பாய்ந்து வந்து விஷயத்தைச் சொன்னான். லாரி அவன் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான். "நிஜமாவா? என்ன சொல்லணும்? சீக்கிரம் சொல்லு, என்ன சொல்லணும்?"

"எனக்குத் தெரியாது."

"என்னது?"

"நான் சொல்ல மாட்டேன்." சேர்மன் தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டான். அவனுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. லாரி கும்பிட்டான், திட்டினான். மாப்பிள்ளை அவன் கன்னத்தைக் கிள்ளினான். பொத்திய கை விலகவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் மாப்பிள்ளை போனான், வந்தான். அதே ஐந்து நிமிடம். அடுத்து லாரி போனான். ஐந்து நிமிடம் ஆனது. கதவு படாரென்று திறந்தது. லாரி முன்னால், மேலாளர் பின்னால், இருவரும் நடையில் வேகமாக நடந்து படியிறங்கிப் போனார்கள்.

"எங்க போறாங்க?" என்றாள் தையற்காரர் மகள். "அடிக்கப் போறாரோ?"

எல்லாரும் கண்ணாடிக்கு ஓடினார்கள். கீழே முற்றத்தில் பத்து சக்கர லாரி ஒன்று நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் இறங்கினார். நேர்காணலுக்கென்று தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டையோடு நம் லாரி ஏறினான்.

"ஐயையோ!" என்றான் மாப்பிள்ளை.

சரக்கு இறக்கும் மேடைக்கு இரண்டு பக்கமும் வேறு வண்டிகள் நின்றன. நடுவில் ஒரு வண்டி நுழையத்தான் இடம். லாரி ஒருமுறை முன்னால் எடுத்தான். கண்ணாடியைப் பார்த்தான். பிறகு அந்தப் பெரிய உடம்பை, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி, பின்னால் கொண்டுவந்து மேடையில் தொட்டும் தொடாமலும் நிறுத்தினான். ஒரே தடவைதான், முன்னும் பின்னும் ஆட்டம் கிடையாது. மேலாளர் குனிந்து இடைவெளியைப் பார்த்துவிட்டுக் கட்டை விரலை மேலே காட்டினார். மேலே நடையில் முன்பின் தெரியாத பதினோராம் நம்பர்கூடக் கைதட்டியது. சேர்மன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு கத்தினான்: "என் லாரிடா அது!"

"நீ எழுத விடாத லாரி" என்றான் மாப்பிள்ளை.

நான்கு மணிக்கு அட்டெண்டர் ஒரு தாளோடு வந்தார். ஒட்டுவதற்குள் பதின்மூன்று தலைகள் அவரைச் சூழ்ந்துகொண்டன. "விடுங்கப்பா, என்னையும் சேத்து ஒட்டிருவீங்க போல!" என்றார் அவர்.

சேர்மன் முதலில் ஆறைத் தேடினான். இல்லை. இரண்டு இருந்தது, ஏழு இருந்தது, எட்டு இருந்தது. மறுபடி மேலேயிருந்து ஆறைத் தேடினான். தையற்காரர் மகள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணா, ஒன்பது! கடைசில பாருங்க, ஒன்பது! உங்க நம்பரையே பாக்காம என்ன தேடறீங்க?"

லாரி அவனைத் தூக்கிவிட்டான். கூரை சுற்றியது, விளக்குகள் சுற்றின, அந்தக் குளிர்ந்த நடையில் கூச்சலும் சிரிப்புமாக ஒரே ரகளை. இறக்கிவிட்டதும் சேர்மன் மாப்பிள்ளையைத் தேடிப் போனான். அவன் கண்ணாடியோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள..."

"எதுவும் சொல்லாதே. சொன்னா அழுதுருவேன், இது வேற புதுச் சட்டை." மூக்கை உறிஞ்சினான். "என்ன தப்பு பண்ணீங்கன்னு மேடம் கேட்டாங்க. ஒண்ணும் பண்ணலன்னு சொல்லிட்டேன். பொய்னு அவங்களுக்கும் தெரிஞ்சது, எனக்கும் தெரிஞ்சது. அதை உன் தலையில கட்ட முடியாது, அது நானே பண்ணினது." பிறகு திரும்பி அவன் சட்டைக் காலரைச் சரி செய்தான். "ஆனா ஒண்ணு. வர்ற ஞாயித்துக்கிழமை மெஷினுக்குப் பின்னாடி நான் உக்காருவேன். நீ வெளிய நின்னு கதவு தட்டணும்."

"எத்தனை தடவை வேணாலும் தட்டறேன்."

பேருந்து நிறுத்தத்தில் வெயில் சாய்ந்திருந்தது. மற்ற மூவரும் இடம் பிடிக்க முண்டிக்கொண்டிருக்க, சேர்மன் ஓரமாக வந்து அப்பாவுக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் வண்டிச் சத்தமும் ஆட்கள் சத்தமும் காதைப் பிளந்தன.

"அப்பா! கிடைச்சிருச்சுப்பா!"

"என்னது?"

"வேலைப்பா! வேலை!"

அப்பா கேட்டார்: "உள்ள உக்காந்து பேசுனியா?"

"என்னப்பா கேக்கறீங்க?"

"அவங்க எல்லாம் உக்காந்திருப்பாங்கல்ல. நீ நின்னியா, உக்காந்தியா?"

"உக்காரச் சொன்னாங்கப்பா. போனதுமே சொன்னாங்க."

போனைக் கையால் மூடியும் மூடாமலும் அப்பா யாரிடமோ கத்துவது கேட்டது. "ஏய்! கேட்டுக்கோங்கடா! என் பையனை உக்கார வச்சுப் பேசியிருக்காங்க! வேலையும் குடுத்துட்டாங்க!" பின்னால் நாலைந்து குரல்கள் ஓவென்று எழுந்தன. யாரோ விசில் அடித்தார்கள். அப்பா திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சிரைத்தது. "என்ன வேலைடா?"

"கிடங்குலப்பா. சரக்கை ஒழுங்கா அடுக்கறாங்களான்னு பாத்துக்கறது. மூட்டை, பெட்டி எல்லாம்."

"மூட்டையா? எத்தனை அடுக்கு போடறாங்க?"

"ஜன்னல்லருந்து பாத்தேன். பதினொண்ணு இருக்கும்ப்பா."

"பதினொண்ணா? கிறுக்கனுங்களா அவங்க? எட்டுக்கு மேல போனா அடி மூட்டை பிதுங்கிரும். சேர்ந்த உடனே சொல்லிடு."

"முதல் நாளேவாப்பா?"

"பின்ன? பிதுங்கினதுக்கு அப்புறமா சொல்லுவ? முதல் நாளே சொல்லு. யாரு சொன்னதுன்னு கேட்டா, எங்கப்பான்னு சொல்லு!"

"சேர்மன், வண்டி எடுக்கறான், ஏறு!" என்று படியில் தொங்கியபடி லாரி கத்தினான். "சரிப்பா, சொல்றேன், சொல்றேன்!" என்று போனுக்குள் கத்திக்கொண்டே சேர்மன் ஓடினான்.